வால்வும் வடமும்: ஒலிநயம் பற்றிய ஓர் ஆராய்வு

விஞ்ஞானத் துறையில் வழக்கொழிந்த கருவி சுவைஞரிடத்தே நிலைபெற்று வாழ்தல் உண்டு. இங்கிலாந்தில் வால்வு எனவும் அமெரிக்காவில் ரியூப் எனவும் பெயர்பெற்ற வெற்றிடக் குழாய் அத்தகையது. 1947 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிற்றர் தோன்றியது. அதன்பின் கால் நூற்றாண்டு கழிவதற்குள் வானொலிப் பெட்டியினின்றும் கணனியினின்றும் வால்வு பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்விறாந்தையை அலங்கரித்த பழைய வால்வு வானொலிகள், 1990 ஆம் ஆண்டின்பின் மின்சாரம் அற்றுப்போன நாட்களில் வெறும் பெட்டிகளாயின; சைக்கிள் தைனமோவைச் சுழற்றி மக்கள் செய்தி கேட்டது திரான்சிற்றர் வானொலியிலேதான். அங்ஙனமிருந்தும், புதிதாகச் செய்யப்பட்ட வால்வு விரியலாக்கிகளை இன்றும் விலைகொடுத்து வாங்குவோர் உலகெங்கும் உளர். அவருள்ளும், ஹெட்போன் என வழங்கும் செவியொலிக் கருவியைத் தலையில் அணிந்து தனித்திருந்து இசை கேட்போர் ஒரு தனிக் கூட்டத்தினர்.

இக்கூட்டத்தினர் கூறுவன இரண்டு. விரியலாக்கியிலுள்ள வால்வைக் கழற்றி, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு தொழிற்சாலையின் வால்வை இட்டால் ஒலி திருந்தும் என்பது ஒன்று. செவியொலிக் கருவியின் செப்பு வடத்தை நீக்கி, வெள்ளி வடமோ தடித்த வடமோ பூட்டினால் ஒலி இன்னும் தெளிவுறும் என்பது மற்றொன்று. இவற்றை நம்பி, விரியலாக்கியின் விலையினும் கூடிய விலையை ஒரு சோடி வால்வுக்குக் கொடுப்பாரும் உளர்.

சென்ற விடுமுறையில் பிறநாட்டிலிருந்து வந்த நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், தமது விரியலாக்கியையும் பஞ்சிற் பொதிந்த மூன்று வால்வுகளையும் கொண்டுவந்து, "சேர், இது உண்மைதானா, அல்லது என்ர மனமயக்கமா?" என்று வினவினார். இன்னும் ஒரு சோடி வாங்குவதற்கு ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை ஒதுக்கிவைத்துள்ளதாகவும் கூறினார். தருக்கம் கற்பிக்கும் என்னால் தனித்து விடையிறுக்கத்தக்க வினா அன்று அது. பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

வால்வின் இயல்பை முதற்கண் நோக்குவாம். 1880 களில் எடிசன் தமது மின்விளக்குகளின் உட்புறம் கருமை படிவதை ஆராய்ந்தபோது, சூடான இழையிலிருந்து எதிரே நிறுத்திய தகட்டுக்கு வெற்றிடத்தினூடே மின்னோட்டம் பாய்வதைக் கண்டார். கண்டாரேயன்றி, அதன் காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1897 இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்த பின்னரே அது விளங்குவதாயிற்று. இலண்டனிலிருந்த பிளெமிங் 1904 இல் இவ்விளைவைக் கொண்டு வானொலி அலைகளை உணரும் கருவி ஒன்றை ஆக்கினார். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடுவதால், நீர்க்குழாயின் அடைப்பிதழைக் குறிக்கும் வால்வு என்னும் பெயர் அதற்கு வந்தது. 1906 ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான டீ பொரெஸ்ட், சூடான கதோட்டுக்கும் தகடாகிய அனோட்டுக்கும் இடையே மூன்றாவது மின்வாய் ஒன்றை நிறுத்தினார். நெய்யரி எனப்படும் கம்பிவலை அதுவே. நமது தோட்டங்களிலே கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் முழுவதையும், வாய்க்கால் ஓரத்தில் நிற்பவன் ஒரு மண்வெட்டி மண்ணால் மறித்தும் விடுத்தும் ஆள்கின்றான் அல்லனோ? நீரை இறைக்கும் வலிமை அவனுடையதன்று. ஆயினும் நீர் அவன் சொற்கேட்கின்றது. நெய்யரியின் தொழிலும் அதுவே. அதன்மீது சிறியதோர் அழுத்தமாற்றம் நிகழின், அனோட்டு மின்னோட்டத்திற் பெரியதொரு மாற்றம் நிகழும். விரியல் என்பது இதுவேயாம்.

கண்ணாடியின் உட்புறம் உச்சியிலே வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று காணப்படும். எஞ்சிய வாயுவை உறிஞ்சுதற்பொருட்டு ஆவியாக்கிப் படியவிட்ட பேரியம் என்னும் உலோகம் அது. கண்ணாடி கீறி உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் அப்பூச்சு வெண்ணிறமாய் மாறிவிடும். மாணவர் கொணர்ந்த மூன்றில் ஒன்று அவ்வாறு வெளிறியிருந்ததைக் கண்டவுடனே நண்பர் அதனை எடுத்து அப்பால் வைத்துவிட்டார்.

இனிச் செவியொலிக் கருவியைப் பார்ப்போம். அறையை நிரப்பும் ஒலிபெருக்கிக்குப் பல வாற்று வலு வேண்டும். செவியை ஒட்டியிருக்கும் கருவிக்கோ மிகச் சிறிதளவே போதும். சுவைஞர் பலராலும் விரும்பப்படும் சென்ஹைசர் 650 என்னும் கருவியின் தடங்கல் 300 ஓம். ஒரு வோற்று அழுத்தம் கொடுத்தால் 103 தெசிபெல் ஒலியை அது எழுப்பும் என்பது அதனைச் செய்தோர் தரும் அளவு. ஒரு வோற்றை 300 ஓமிற் செலுத்தினால் செலவாகும் வலு ஏறத்தாழ 3.3 மில்லிவாற்று மாத்திரமே. அவ்வொலியை நெடுநேரம் கேட்டல் செவிக்குத் தீங்கு. எனவே விரியலாக்கியின் வலுவைப் பெரிதாகப் பேசுதல் இங்கே பொருந்தாது. கவனிக்கவேண்டியது வேறொன்று, அதுதான் விரியலாக்கியின் வெளியீட்டுத் தடை.

செவியொலிக் கருவியின் தடங்கல் எல்லா மீடிறன்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. மேற்கூறிய 300 ஓம் கருவி, அதன் மென்றகடு பரிவுறும் தாழ்ந்த மீடிறனில், 100 ஹேர்ட்ஸ் அளவில், ஏறக்குறைய 500 ஓமாக உயர்கின்றது. விரியலாக்கியின் வெளியீட்டுத் தடை 100 ஓம் எனக் கொள்வோம். நிலைமாற்றி இல்லாத வால்வு விரியலாக்கிகளில் இத்தகைய அளவு அரிதன்று. நடு மீடிறனில் அழுத்தத்தின் நான்கில் மூன்று பங்கு, அஃதாவது 0.75, கருவியைச் சேரும். 100 ஹேர்ட்ஸில் 600 இல் 500, அஃதாவது 0.83 பங்கு சேரும். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.9 தெசிபெல். தாழ்சுரம் அந்த அளவுக்குச் சற்றே பருத்து ஒலிக்கும். வால்வின் ஒலியிலே "கனிவும் சூடும்" உண்டு என்று சுவைஞர் கூறுவதன் ஒரு பகுதி இதுவேயெனக் கருதுகின்றேன். வெளியீட்டுத் தடை ஓர் ஓம் மாத்திரமாயின் வேறுபாடு ஒரு தெசிபெலின் நூற்றிலொரு பங்காகச் சுருங்கிவிடும். இதே 100 ஓம் விரியலாக்கியில், நடு மீடிறனில் 32 ஓமும் பரிவில் 100 ஓமும் உள்ள கருவியைப் பூட்டினாலோ, வேறுபாடு 6 தெசிபெலையும் தாண்டும். அதனைக் கேளாமல் இருப்பதற்குச் செவிடனாக இருத்தல் வேண்டும். ஆகவே, எந்தக் கருவியை எந்த விரியலாக்கியோடு இணைத்தல் என்பதே முதல் வினா. எந்தத் தொழிற்சாலையின் வால்வு என்பது அதற்கு நெடுந்தூரம் பின்னே வருவது.

வால்வை மாற்றுதல் என்னும்போது இருவேறு செயல்களை மக்கள் ஒரு சொல்லால் வழங்கிவிடுகின்றனர். ஓர் இனத்துக்குப் பதிலாக வேறோர் இனத்தை இடுதல் ஒன்று. ஒரே இனத்தில் ஒருவர் செய்ததை நீக்கி இன்னொருவர் செய்ததை இடுதல் மற்றொன்று. முன்னதில் ஐயத்துக்கு இடமில்லை, ஒலி மாறும். இ.சி.சி. 82 என்னும் வால்வின் விரியற் காரணி 17; அனோட்டுத் தடை ஏறத்தாழ 7,700 ஓம். அமெரிக்கர் அதனை 12 ஏ.யூ. 7 என்பர். அதே ஒன்பது ஊசி அடியைக் கொண்ட இ.சி.சி. 83 இன் விரியற் காரணியோ 100. அனோட்டுத் தடை 62,500 ஓம். அனோட்டிலே 22,000 ஓம் தடையி உள்ள ஒரு நிலையில் முன்னது ஏறக்குறைய 12½ மடங்கு பெருக்கும்; பின்னது 26 மடங்கு பெருக்கும். இது 6 தெசிபெலுக்கு மேற்பட்ட ஏற்றம். இதனைக் கேட்டவர் "இசைக்கு உயிர் வந்துவிட்டது" என்பார். வந்தது உயிரன்று, உரப்பு. அன்றியும், 250 வோற்றில் இ.சி.சி. 82 க்கு விதிக்கப்பட்ட நெய்யரி அழுத்தம் மறை 8½ வோற்று, இ.சி.சி. 83 க்கு மறை 2 வோற்று மாத்திரமே. இறுவட்டு இயக்கியின் 2 வோற்றுச் சைகை உச்சத்தில் 2.8 வோற்றை எட்டும். ஒலிக்கட்டுப்பாடு முன்னால் இல்லையெனில், பின்னதன் நெய்யரி அவ்வுச்சங்களில் தன் எல்லையைக் கடந்து, அலையின் தலை மழுங்கிவிடும்.

இனம் மாற்றுவோர் ஊசிகளின் ஒழுங்கை அறிந்திருத்தல் இன்றியமையாதது. இ.சி.சி. 82 இன் சூடாக்கும் இழை 4 ஆம் 5 ஆம் ஊசிகளுக்கிடையே 12.6 வோற்றுக்கு அமைந்தது. அதன் நடுமுனை 9 ஆம் ஊசி. இ.சி.சி. 88 உம் ஒன்பது ஊசிகளையுடையதே. அனோட்டு, நெய்யரி, கதோட்டு ஆகியவற்றின் ஊசிகளும் அவ்வவ்விடத்திலேயே உள்ளன. ஆனால் அதன் இழை 4 க்கும் 5 க்கும் இடையே 6.3 வோற்றுக்கு மாத்திரம் அமைந்தது. 9 ஆம் ஊசி உள்மறைப்புத் தகட்டுக்குரியது. 12.6 வோற்று இணைப்புள்ள தாங்கியில் அதனைச் செருகினால் இழை எரிந்துபோம். 4 ஐயும் 5 ஐயும் ஒன்றாகப் பிணைத்து 6.3 வோற்றில் இயக்கும் தாங்கியிற் செருகினால் இழை ஒளிரவே மாட்டாது. ஊசி பொருந்துகின்றது என்பதால் வால்வு பொருந்துகின்றது என்று கொள்வது பெரும் பிழை.

ஒரே இனத்துள் மாற்றுவதே வழக்கிற்குரியது. அங்கும் வேறுபாடுகள் உண்டு, அவற்றை மறுப்பதற்கில்லை. ஒரு தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்த இரு வால்வுகள்கூட விரியலிற் சிறிது வேறுபடும். இரு மூவாயிகள் ஒரே கண்ணாடிக்குள் இருப்பவற்றில் ஒன்று வலச் செவிக்கும் மற்றது இடச் செவிக்கும் தொழில் செய்யுமாயின், அவற்றின் ஒவ்வாமையால் பாடுபவர் ஒரு பக்கமாய் நகர்ந்து நிற்பதுபோல் தோன்றும். நெய்யரிக் கம்பி இறுக்கமாகச் சுற்றப்படாத வால்வு, மேசையைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். முதுமையடைந்த கதோட்டு இரைச்சலை விளைக்கும். இவை யாவும் அளந்தறியத்தக்கவை.

திரிபு பற்றிய வேறுபாடு இன்னும் நுண்ணியது. மூவாயியின் மின்னோட்டக் கோடு நேர்கோடன்று, சற்றே வளைந்தது. அதனால் உள்ளே புகும் ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இருமடங்கு மீடிறனுடைய சுரம் ஒன்று சிறிதளவு கலந்து வெளிவரும். இசை பயின்றோர்க்கு இதனை எளிதிற் கூறலாம். இரண்டாம் இசைத்துணை மேல்நிலைக் குரல். அடிப்படைச் சுரத்தோடு வேறுபாடின்றி ஒன்றிவிடும். மூன்றாம் இசைத்துணை மேல்நிலை இளி, அஃதாவது பஞ்சமம். ஐந்தாவது அதற்கும் மேலுள்ள அந்தர காந்தாரம். நன்கு சுருதி கூட்டிய தம்புராவில் யாரும் மீட்டாமலே எழும் காந்தாரம் இதுவே. ஏழாவதோ நமது சுரத்தானங்களில் எதனோடும் ஒத்துவருவதன்று. இரண்டாவது சிறிது கூடினால் இசை தடித்து இனிக்கும். ஏழாவது போன்றவை கூடினால் கரகரக்கும். ரசல் ஹாம் என்பார் 1973 இல் ஒலிப்பொறியியற் சங்கத்தின் சஞ்சிகையிலே, வால்வும் திரான்சிற்றரும் எல்லைமீறி இயக்கப்படும்போது வெவ்வேறு இசைத்துணைகளை எழுப்புகின்றன என்று எழுதியது பலராலும் எடுத்தாளப்படுகின்றது. அவர் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக் கூடத்தில் அடிக்கடி எல்லைமீறும் ஒலிவாங்கி விரியலாக்கிகளை என்பதை எடுத்தாள்வோர் மறந்துவிடுகின்றனர். மூன்று மில்லிவாற்றில் இளைப்பாறும் செவியொலிக் கருவி விரியலாக்கி அந்நிலையை எட்டுவது அரிது.

மேலும், பின்னூட்டல் உள்ள விரியலாக்கியில் வால்வின் குணபேதம் பெரும்பாலும் மறைந்துவிடும். பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக், 1927 ஓகத்து மாதம் வேலைக்குச் செல்லும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகிலிருந்தவாறே கையிலிருந்த புதினத்தாளின் பக்கமொன்றில் இதனை வரைந்தார் என்பது வரலாறு. வெளியீட்டின் ஒரு பங்கைத் தலைகீழாக உள்ளீட்டுக்குத் திருப்பிச் சேர்ப்பதே அதன் சூழ்ச்சி. ஆயிரம் மடங்கு பெருக்கும் விரியலாக்கி ஒன்றைப் பின்னூட்டலாற் பத்து மடங்காகக் குறைத்தோம் எனக் கொள்வோம். வால்வு கிழடுதட்டி ஆயிரம் எண்ணூறாகக் குறைந்தாலும், வெளியே பத்து என்பது 9.975 ஆகவே குறையும். இத்தகைய கருவியில் வால்வை மாற்றிவிட்டு மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு கேட்டேன் என்பாரை ஐயுறுதல் முறையே. பின்னூட்டல் இல்லாத எளிய சுற்றுகளில்தான் வால்வின் குணம் வெளிப்பட வழியுண்டு. மாணவர் கொணர்ந்தது அவ்வகையைச் சேர்ந்தது. ஆதலால் அவர் வினா வீண்வினாவன்று.

யாங்கள் செய்து பார்த்ததை இனிக் கூறுவேன். எஞ்சிய இரு வால்வுகளுள் ஒன்று புதியது. மற்றது அரைநூற்றாண்டுக்கு முற்பட்டதென விற்கப்பட்டது. முதல் நாள், இன்னது இன்னதென அறிந்துகொண்டே கேட்டோம். தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் பழைய பதிவொன்றை இட்டோம். பழைய வால்வில் தவிலின் தொப்பி ஆழ்ந்து ஒலித்தது. வலந்தலையின் விரற்சொற்கள் தனித்தனியே தெறித்தன. யான் வியந்து இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். மறுநாள் நண்பர் 100 ஹேர்ட்ஸ் தொனியொன்றை இட்டு, செவியொலிக் கருவியின் முனைகளில் அழுத்தத்தை அளந்தார். சாதாரண மின்மானிகள் வீட்டு மின்சாரத்தின் மீடிறனுக்கு அருகிலேதான் நம்பத்தக்கவை என்பது அவர் கூறிய காரணம். புதிய வால்வில் ஒரு வோற்றெனின், பழையதில் 1.09 வோற்று. இது ஏறத்தாழ முக்கால் தெசிபெல். இவ்வளவு சிறிய உரப்பு வேற்றுமையைச் செவி உரப்பென உணர்வதில்லை. தெளிவென்றும் ஆழமென்றும் உணர்கின்றது. ஒலிக் கருவிகளை ஒப்பிடுவோர் முதலில் வீழும் குழி இதுவே.

அதன்பின் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை ஒன்றாக்கிவிட்டு, யான் சுவரை நோக்கியிருக்க, நண்பர் நாணயத்தைச் சுண்டி விழுந்தபடி வால்வை மாற்றியோ, மாற்றுவதுபோற் பாவனை செய்தோ பத்துமுறை இசைப்பித்தார். ஆறுமுறை சரியாகச் சொன்னேன். மாணவர் மகிழ்ந்தார். ஆயினும் கணக்கு அம்மகிழ்ச்சிக்கு இடங்கொடுக்கவில்லை. பத்துமுறை கண்மூடி ஊகிப்பவனுக்கு நிகழக்கூடிய 1,024 வகைகளில், ஆறோ அதற்கு மேலோ சரியாக அமைவன 386. ஒன்பதோ பத்தோ சரியாயின் அவை 11 வகைகளே. அவ்வாறு அமைந்திருந்தால் யானும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். இதனினும் என்னை நாணச்செய்தது வேறொன்று. நான்காம் முறை, "பழைய வால்வு, தொப்பியின் ஆழம் ஐயமற்றது" என எழுதியிருந்தேன். அம்முறை வால்வு மாற்றப்படவேயில்லை. முன்னிருந்த புதிய வால்வே பாடிக்கொண்டிருந்தது.

இம்முறையிலும் குறையுண்டு. வால்வைக் கழற்றி, மற்றதைச் செருகி, அது சூடேறும்வரை ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நுண்ணொலியின் நினைவு அவ்வளவு நேரம் நிலைப்பதில்லை. ஆகவே எங்கள் சோதனை வேறுபாடு இல்லையென நிறுவியதாகாது. யான் கேட்டதாக எண்ணிய பெருவேறுபாடு வால்விலிருந்து வந்ததன்று என்பதையே காட்டிற்று. காட்சியளவையை ஐயக்காட்சி, திரிவுக்காட்சி எனச் சைவசித்தாந்த நூலோர் வகுத்தது கண்ணுக்கு மாத்திரமன்று. அந்தியிற் குற்றியோ மகனோ என ஐயுறுபவன் அருகே சென்று தெளிகின்றான். செவியால் ஐயுறுபவனுக்கோ அருகே செல்ல வழியில்லை. முன்னதாகவே மகன் என்று துணிந்துவிட்டவனுக்கு ஐயமும் எழுவதில்லை.

பெரியார் செய்த சோதனைகளும் இத்திறத்தனவே. இங்கிலாந்தில் குவாட் விரியலாக்கிகளை ஆக்கிய பீற்றர் வோக்கர் முன்னின்று, 1978 இல், தமது பழைய வால்வு விரியலாக்கியையும் பின்வந்த இரு திரான்சிற்றர் விரியலாக்கிகளையும் பழகிய செவியினர் முன் மறைத்துவைத்துக் கேட்பித்தார். ஊகத்தினும் மேம்பட அவர்களாற் பிரித்தறிய இயலவில்லை. 1985 இல் அமெரிக்கரான பொப் கார்வர், விலைமிக்க வால்வு விரியலாக்கி ஒன்றின் ஒலியைத் தமது திரான்சிற்றர் விரியலாக்கியில் உண்டாக்குவேன் எனச் சபதம் செய்தார். இரண்டின் வெளியீடுகளையும் ஒன்றிலிருந்தொன்று கழித்து, எச்சம் அற்றுப்போம்வரை தம் கருவியைத் திருத்திக்கொண்டே சென்றார். முடிவில் ஸ்ரீரியோபைல் சஞ்சிகை ஆசிரியர்களால் ஒன்றிலிருந்து மற்றதை வேறுபடுத்த முடியவில்லை. இவ்விரண்டாவது செய்தியை யான் பெரிதும் மதிக்கின்றேன். முதலில் அவ்விரு கருவிகளுக்கும் வேறுபாடு இருந்தது என்பதையும், அவ்வேறுபாடு அளவையிற் பிடிபடாத மாயம் அன்று என்பதையும் அது ஒருங்கே காட்டுகின்றதன்றோ!

வடத்தைப் பற்றிக் கூறவேண்டியது குறைவு. இரண்டு மீற்றர் நீளமும் 0.1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உடைய செப்புக்கம்பி, போக்கும் வரவுமாக நான்கு மீற்றர்; அதன் தடை ஏறத்தாழ 0.67 ஓம். 300 ஓம் கருவியில் இதனால் ஏற்படும் நட்டம் ஒரு தெசிபெலின் ஐம்பதிலொரு பங்கு. அதுவும் எல்லாச் சுரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவினது. வெள்ளியின் தடைத்திறன் செம்பினதைவிட 5 முதல் 6 வீதமே குறைவு. அந்த 0.67 ஐ 0.63 ஆக்குதற்கு வெள்ளிக்கு விலைகொடுப்பவர், அதே பணத்திற்குச் சற்றே தடித்த செப்புக்கம்பியை வாங்கின் மேலும் பயனடைவர். வெள்ளியின் ஒலி "வெண்மையானது", செம்பின் ஒலி "சிவந்தது" என்று விளம்பரங்கள் உரைப்பது, கண்ணாற் கண்டதைச் செவியின்மேல் ஏற்றியுரைத்தலேயாம்.

எனினும் வடம் மாற்றியதால் உண்மையிலேயே நன்மை விளையும் இடங்கள் சிலவுண்டு. வலமும் இடமும் ஒரே மீள்கம்பியைப் பகிருமாயின், அக்கம்பியின் தடை 0.3 ஓமாயினும், 32 ஓம் கருவியில் ஒரு செவியின் ஒலி 40 தெசிபெல் தாழ்ந்து மறு செவியிற் கசியும். நான்கு கம்பி வடம் இதனை நீக்கும். சட்டையில் உராயும்போது விறைத்த உறை சரசரவென ஒலிக்கும். மெல்லிய உறை ஒலிக்காது. பற்றாசு விட்டுப்போன முனையும் களிம்பு பிடித்த ஊசியும் புது வடத்தோடு தாமே நீங்கிவிடும். ஈற்றிற் கூறியது வால்வுக்கும் பொருந்தும். பல ஆண்டு அசையாதிருந்த வால்வைக் கழற்றி மற்றொன்றைச் செருகும்போது தாங்கியின் தொடுகைகள் துடைபடுகின்றன. அதனால் வந்த தெளிவைப் புது வால்வின் புகழாக எழுதிவைத்தோர் எத்தனைபேரோ! பழைய வால்வையே ஒருமுறை கழற்றிச் செருகிப் பார்த்தல் செலவற்ற சோதனை.

பழைய வால்வு வாணிகம் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்திலே பிளாக்பேண் நகரில் 1938 இல் தொடங்கிய முல்லார்ட் தொழிற்சாலை, ஜேர்மனியின் தெலிபுங்கன், ஒல்லாந்தின் பிலிப்சு முதலியவை வால்வு செய்வதை நிறுத்திப் பல்லாண்டுகளாயின. இக்காலத்தில் இரசியாவின் சரத்தோவ், சுலோவாக்கியாவின் சாட்சா ஆகிய நகர்களிலும் சீனத்திலும் புதிய வால்வுகள் செய்யப்படுகின்றன. அக்காலத்தில் ஒரு நிறுவனம் செய்த வால்வை மற்றொன்று தன் பெயரிட்டு விற்றல் வழக்கமாக இருந்தது. ஆதலாற் கண்ணாடியில் அச்சிட்ட பெயர் பிறப்பிடத்துக்குச் சான்றாகாது. தம் தொழிற்சாலையிற் செய்த சிறுவால்வுகளின் அடியில், ஊசிகளுக்கு நடுவே, சாய்சதுர முத்திரையொன்றைக் கண்ணாடியிலேயே தெலிபுங்கன் பொறித்தது. மாணவர் வாங்கிய "பழைய" வால்வின் பக்கத்தில் அப்பெயர் மின்னிற்று; அடியில் முத்திரை இல்லை. எவரோ செய்ததைத் தெலிபுங்கன் விற்றிருக்கலாம். எவரோ அண்மையில் அப்பெயரை அச்சிட்டிருக்கவுங் கூடும்.

வால்வு விரியலாக்கியைத் திறந்து பார்க்கும் ஆவல் நம் மாணவர்க்கு எழலாம். அனோட்டுக்குச் செல்லும் அழுத்தம் பல கருவிகளில் 250 வோற்றும் அதற்கு மேலும் ஆகும். மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரும் கொள்ளளவிகள் அவ்வேற்றத்தை நெடுநேரம் தாங்கி நிற்கும். அது உயிர்போக்க வல்லது. வால்வை மாற்றுவோரும் இணைப்பைத் துண்டித்து, கண்ணாடி ஆறியபின், ஆட்டாமல் நேரே மேல்நோக்கி இழுத்தல் வேண்டும்; பக்கவாட்டில் நெரித்தால் ஊசியடியிற் கண்ணாடி கீறிவிடும். பேரியம் வெளிறிய அந்த மூன்றாவது வால்வு இவ்வாறு நெரிக்கப்பட்டதொன்று என்பது நண்பரின் எண்ணம். மாணவர் ஊர் திரும்புமுன் அதனைப் பௌதிக ஆய்வுகூடத்திற்கு விட்டுச் சென்றார். கதோட்டும் நெய்யரியும் கண்ணாடியூடே நன்கு தெரிகின்றன. புதிய சோடி வாங்க ஒதுக்கிய பணத்தில், வெளியீட்டுத் தடை குறைந்த வேறொரு விரியலாக்கியை ஒப்பிட்டுப் பார்க்கப்போவதாக எழுதியிருக்கின்றார். இம்முறை மின்மானி ஒன்றையும் வாங்கிக்கொண்டாராம்.